வெட்டச் சொன்ன எட்டு வரி

டீச்சர்,

இன்று காலை செம்மேடு பஸ் ஸ்டாண்டில், ஓட்டல் ஒன்றின் பின்கட்டில் யாரோ காய்ந்த மிளகாயைக் கருக விட்டுவிட்டார்கள். நெடி வெளியே வந்து, பஸ்ஸுக்கு நின்றிருந்த எல்லோரையும் இரும வைத்தது. பக்கத்தில் நின்ற பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏனுங்கக்கா, சட்னிக்கு வறுக்கறீங்களா, ஊரையே காலி பண்றீங்களா?" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். எல்லோரும் இருமிக்கொண்டே சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிளகாய் நெடியோடு டயர் எரியும் வாடையும் சேர்ந்து வருவது போல இருந்தது. அங்கே டயர் எதுவும் எரியவில்லை. சுற்றிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். வாடை மட்டும் போகவில்லை.

சாலைப் பணி பற்றிய ஒரு செய்திக்காகத்தான் கொல்லிமலை ஏறியிருந்தேன். அதை அப்படியே விட்டுவிட்டு வாழவந்தி நாட்டுப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். மரவள்ளிக் காட்டு வெள்ளையனைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. என்னைப் பற்றி நீங்கள் கடைசிவரை நம்பியிருந்த ஒரு விஷயம் பொய். அந்தப் பொய்யை உங்களிடம் சொன்னவன் நான்தான். உங்களிடம் சொல்லத் தவறியதை வெள்ளையனிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டதும் மலை பஸ்ஸில்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அடிவாரத்துக்கு இறங்கும் பஸ். காலையில் ராசிபுரத்தில் சர்ச் முடிந்ததும் நேராக மலைக்கு வந்துவிடுவது உங்கள் வழக்கம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று கால்களுக்கு நடுவே ஒரு பெரிய பிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் அது சாயாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தீர்கள். கண்டக்டர் குனிந்து, "டீச்சரம்மா, டீயா காப்பியா? ஒரு வாய் ஊத்துங்க, தொண்டை காஞ்சு கெடக்குது" என்றார்.

"வவ்வா றெக்கைத் தோலுங்க. ஊத்தட்டுங்களா?"

பின்பக்கம் போன கண்டக்டர் அடிவாரத்துக் காரவள்ளி வரும்வரை முன்னால் வரவே இல்லை. நான் எழுந்து வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, இன்ன பத்திரிகையின் நிருபர் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். "போன வாரம் உங்க பேப்பர்ல, கரடி மூணு காலோட ரோட்டைத் தாண்டுச்சுன்னு போட்டிருந்தீங்களே. நாலாவது கால் என்னாச்சுங்க?"

"நாலு கால்தாங்க எழுதினேன். ஆபீஸ்ல வெட்டிட்டாங்க."

நீங்கள் சிரித்த சிரிப்பில் முன் சீட்டில் தூங்கியவர் விழித்துக்கொண்டார். அன்றிலிருந்து நமக்குள் அது வழக்கமான பேச்சாகிவிட்டது. ஒரு வருகை தள்ளிப்போனால், ஒரு வடை குறைந்தால், "ஆபீஸ்ல வெட்டிட்டாங்களா சார்?" என்பீர்கள்.

பாடம் நடத்தியது போக நீங்கள் செய்துவந்த ஆராய்ச்சி எனக்குப் புரிய நாலைந்து வாரங்கள் ஆயின. வெள்ளையன் காட்டுக்கு மேலே, பாறைச் சரிவில் ஒரு குகை. மலையில் அதைப் புடவு என்பார்கள். பூச்சி தின்னும் சிறிய வவ்வால்கள் அதில் கூட்டமாக இருந்தன. வனத்துறையின் அனுமதிக் கடிதத்தை உறை போட்டுப் பையில் வைத்திருப்பீர்கள். வவ்வாலைப் பிடித்து, சிறகின் ஓரத்தில் கடுகளவு தோலை எடுத்துக்கொண்டு விட்டுவிடுவீர்கள். அது கொடியிலிருந்து விழுந்த துணியைப் போலச் சுருண்டு, பிறகு விரிந்து பறந்துவிடும். அந்தத் தோலில் உள்ள டி.என்.ஏ.வை நகரத்து ஆய்வகம் ஒன்றில் படிக்கக் கொடுப்பீர்கள்.

நீங்கள் தேடியது மரபணுக்களை அல்ல. மரபணுக்களுக்கு நடுவே இடம் விட்டு இடம் தாவும் துண்டுகளை. முதல் முறை நீங்கள் சொன்னபோது நான் தலையை ஆட்டினேன். "புரியாம ஆட்டாதீங்க" என்று சொல்லி, மரவள்ளி நட்டுக்கொண்டிருந்த வெள்ளையனிடம் கூட்டிப் போனீர்கள்.

"ஏனுங்க, இந்தக் காட்டுல இருக்கற மரவள்ளியெல்லாம் எங்கிருந்து வந்துச்சுங்க?"

"எங்கப்பன் ஒரே ஒரு கட்டுக் குச்சி கொண்டாந்து நட்டாருங்க. அதையே வெட்டி வெட்டி நட்டதுதான் அத்தனையும். பக்கத்துக் காட்டுக்காரனும் இதுலதான் எடுத்துட்டுப் போனான். கேக்காமத்தான்."

"அவ்வளவுதானுங்க சார் விஷயம்" என்றீர்கள். தன்னைப் போலவே ஒரு படி எடுத்து, வேறோர் இடத்தில் ஊன்றிக்கொள்ளும் துண்டுகள். யாரும் நட வேண்டியதில்லை, அவையே நட்டுக்கொள்ளும். மனித டி.என்.ஏ.வில் ஏறக்குறையப் பாதி இப்படி வந்தவையும் அவற்றின் மிச்சமும்தான். பெரும்பாலானவை எப்போதோ செத்துவிட்டன. செத்த பிறகும் அதே இடத்தில் இருக்கின்றன, தலைமுறை தலைமுறையாக. சில துண்டுகள் போய் விழுந்த இடத்தில் நோயை உண்டாக்கின. சில பக்கத்து மரபணுவை எப்போது எழுப்புவது, எப்போது உறங்க வைப்பது என்ற வேலையை எடுத்துக்கொண்டன. பாலூட்டிகள் ஒன்றுக்கொன்று இத்தனை வேறாகப் பிரிந்ததில் அவற்றுக்கும் பங்கு உண்டு. காட்டோரம் இருந்த வேலியைக் காட்டி, "காஞ்ச குச்சியும் வேலிக்கு ஆவும்" என்றீர்கள். வெள்ளையன், "அது கிளுவைங்க டீச்சரம்மா, காயல, நல்லாத்தான் இருக்குது" என்று திருத்தினார். நீங்கள் கையெடுத்துக் கும்பிட்டீர்கள்.

வவ்வால் எதற்கு என்று கேட்டேன். மற்ற பாலூட்டிகளில் எப்போதோ ஓய்ந்துபோன ஒரு வகைத் துண்டு, இந்தச் சின்ன வவ்வால்களின் குடும்பத்தில் மிக அண்மைக்காலம் வரை தாவியிருக்கிறது, சிலவற்றில் இன்னும் தாவிக்கொண்டிருக்கலாம் என்றீர்கள்.

"அண்மைன்னா எவ்வளவுங்க?"

"சில லட்சம் வருஷந்தானுங்க."

"எங்க ஆபீஸ்ல அதுக்குப் பேரு பழைய செய்திங்க."

கட்டுரை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றல்ல. இன்னொரு ஞாயிறு, வெள்ளையனின் மனைவியோடு ஊருக்குள் நடந்துவந்தபோது. வழியில் உள்ள ஆலமரத்தின் விழுதுகளுக்கு நடுவே சாக்கு மூட்டைகள் தொங்கின. சில புதிது. சில வெயிலில் கறுத்து இற்றுப்போனவை. பசு கன்று போட்டால் விழும் இளங்கொடியைச் சாக்கில் கட்டி, பால் உள்ள மரத்தில் தொங்க விடுவது வழக்கம். "கீழ போட்டா நாய் தின்னுருமுங்க. அப்புறம் மாடு பால் சொரக்காது" என்றார் அந்த அம்மா.

நீங்கள் அங்கேயே நின்றுவிட்டீர்கள். அந்தக் கொடியைப் பற்றி அந்த அம்மாவுக்குச் சொன்னீர்கள். ஒரு வைரஸ், உடம்பின் செல்லோடு தான் ஒட்டி உள்ளே நுழைவதற்கு ஒரு புரதத்தை வைத்திருக்கும். பல கோடி வருடங்களுக்கு முன்னால் அப்படிப்பட்ட ஒன்று ஏதோ ஒரு விலங்கின் கருவுக்குள் போய், வெளியேற முடியாமல் அதன் டி.என்.ஏ.விலேயே தங்கிவிட்டது. வைரஸ் அழிந்துபோனது. ஒட்டும் வித்தை மட்டும் மிஞ்சியது. தாய்க்கும் குட்டிக்கும் நடுவே செல்களை ஒட்டிச் சேர்த்து ஒரு படலம் உண்டாக்க இன்று அதே வித்தைதான் பயன்படுகிறது. மாட்டுக்கு ஒரு வைரஸிடமிருந்து, மனிதனுக்கு வேறொன்றிடமிருந்து. வவ்வாலின் தாவும் துண்டுகளிலும் இப்படித் தங்கிப்போன வைரஸ்களின் எச்சம் உண்டு என்றீர்கள்.

அந்த அம்மா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப நோவு கொண்டாந்ததுதான் தொட்டில் கட்டுதுங்களா?" என்று கேட்டார்.

என் பக்கம் திரும்பி, "எழுதிக்கோங்க சார்" என்றீர்கள். எழுதிக்கொண்டேன்.

பெருந்தொற்று ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த காலம் அது. பக்கத்து ஊரில் இரண்டு பேர் அதில் போயிருந்தார்கள். வைரஸ் என்ற சொல்லைக் கேட்டாலே ஆட்கள் சட்டையை இழுத்து மூக்கை மூடினார்கள். அது தெரிந்துதான், கட்டுரையின் கடைசியில் ஒரு பத்தி எழுதினேன். வவ்வால்களின் டி.என்.ஏ.வில் இருப்பவை செத்த வைரஸ்களின் எச்சம், அவை யாருக்கும் தொற்றா, மனிதர் ஒவ்வொருவர் உடம்பிலும் இதுபோன்ற எச்சங்கள் உண்டு, வவ்வால்களை விரட்டத் தேவையில்லை, பூச்சியைத் தின்று அவை விளைச்சலைக் காக்கின்றன. அச்சில் எட்டு வரி வரும்.

செய்தியை எப்படி எழுத வேண்டும் என்று எனக்கு ஆரம்பத்திலேயே கற்றுக்கொடுத்திருந்தார்கள். முக்கியமானது மேலே. கீழே போகப் போக, இல்லாவிட்டாலும் பாதகமில்லாதது. பக்கத்தில் இடம் பற்றாவிட்டால் கீழேயிருந்து வெட்டுவார்கள். முப்பது வருடங்களாக இதை அறிந்தவன், அந்தப் பத்தியைக் கொண்டுபோய் அடியில் வைத்தேன். மேலே வைத்தால் பாடம் நடத்துவது போல இருக்கும் என்று நினைத்தேன்.

காரவள்ளியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஆபீஸில் பக்கம் கட்டுபவர் போனில் கூப்பிட்டார். "அண்ணே, வவ்வால் கட்டுரை எட்டு வரி மிஞ்சுது. கடைசிப் பாராவை எடுத்துரட்டுமா? இல்லாட்டி மேல எங்கயாச்சும் கொறைக்கறேன், நீங்க சொல்லுங்க." பஸ் கிளம்ப ஹாரன் அடித்தது. "எடுத்துருங்க, பரவாயில்ல" என்றேன். டீயில் கடைசி வாய் பாக்கி இருந்தது. அதையும் குடித்துவிட்டு ஏறினேன்.

தலைப்பை ஆபீஸில் வைத்தார்கள்: கொல்லிமலை வவ்வால் உடலில் பழங்கால வைரஸ். அந்த வாரம் வெள்ளையனின் மனைவிக்குக் காய்ச்சல். டீக்கடையில் ஒருவர் கட்டுரையைச் சத்தமாகப் படித்திருக்கிறார். மறுநாள் காலை வெள்ளையனும் இன்னும் மூன்று பேரும் வைக்கோலும் காய்ந்த மிளகாயும் பழைய டயரும் தூக்கிக்கொண்டு புடவுக்கு ஏறினார்கள். கொளுத்தி முடித்ததும் வெள்ளையன் உங்களுக்குத்தான் முதலில் போன் செய்தார். அவர் சொன்னதை என்னிடம் நீங்கள் அப்படியே திருப்பிச் சொன்னீர்கள், குரலில் எதுவுமே இல்லாமல்: "டீச்சரம்மா, நீங்க கண்டுபுடிச்ச வைரஸை ஒழிச்சுட்டோமுங்க. ஒண்ணுகூட மிச்சமில்ல."

அவர் உங்களுக்கு நல்ல சேதி சொன்னார்.

நாம் போய்ச் சேர்ந்தபோது புகை அடங்கியிருந்தது. பாறையில் கரி. உள்ளே தரை தெரியவில்லை. குட்டி போட்டிருந்த பருவம். தாயின் மார்பைக் கவ்வியபடி குட்டிகள், கவ்வியபடியே. நீங்கள் கையுறை மாட்டிக்கொண்டு எண்ணத் தொடங்கினீர்கள். பாதியில் நிறுத்திவிட்டீர்கள். ஓர் இடத்தில் மட்டும் ஏதோ அசைந்தது. குனிந்து எடுத்துப் பார்த்துவிட்டு அதையும் கீழே வைத்தீர்கள்.

வெள்ளையன் வாசலில் நின்றிருந்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. வெளியே வந்து அவரிடம், அது செத்த வைரஸ் என்றும், யாருக்கும் தொற்றாது என்றும், அந்த அம்மாவின் காய்ச்சலுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றும் சொன்னீர்கள்.

"பேப்பர்ல அப்படிப் போடலீங்களே" என்றார் அவர்.

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

"எழுதியிருந்தேன் டீச்சர்" என்றேன். "ஆபீஸ்ல வெட்டிட்டாங்க."

முன்பாதி உண்மை. பின்பாதியும் ஒரு வகையில் உண்மைதான். நாலு பேர் முன்னால் நிற்க வேண்டியிருந்தால் எந்த நிருபரும் இப்படித்தான் வார்த்தையைத் தேர்ந்தெடுப்பான். நீங்கள் உடனே வெள்ளையன் பக்கம் திரும்பி, "அவரு எழுதியிருக்காருங்க. ஆபீஸ்ல வெட்டிட்டாங்க. அவரு மேல தப்பில்ல" என்றீர்கள்.

மூன்றாம் நாள் பத்திரிகையில் கட்டம் கட்டி ஒரு விளக்கம் வந்தது. அதை மலையில் யார் படித்தார்கள் என்று தெரியாது. மற்ற புடவுகள் தப்பியது அதனால் அல்ல. நீங்கள் ஞாயிறுதோறும் ஊர் ஊராக, குண்டூர் நாடு வரைக்கும் போய் உட்கார்ந்து பேசினீர்கள். என்னையும் கூப்பிட்டீர்கள். வேலை இருக்கிறது என்றேன். போன இடமெல்லாம் எனக்காகவும் பேசினீர்கள் என்பது பிறகு தெரிந்தது.

சேலத்தில் ஆஸ்பத்திரிக்கு உங்களைப் பார்க்க வந்தது, உண்மையைச் சொல்லிவிடத்தான். தலையில் துணி கட்டியிருந்தீர்கள். நான் ஸ்டூலில் உட்காருவதற்குள் நீங்களே ஆரம்பித்துவிட்டீர்கள். சில புற்றுக்கட்டிகளில், லட்சக்கணக்கான வருடங்களாக அடக்கி வைக்கப்பட்ட தாவும் துண்டுகள் விழித்துக்கொள்வது உண்டாம். அவை விழிப்பதால் நோயா, நோயால் அவை விழிக்கின்றனவா என்று இன்னும் முழுதாகத் தெரியாதாம். "எனக்குள்ளயும் எந்திரிச்சிருக்கும்னு நெனைக்கறேன் சார். இத்தனை வருஷம் அதுங்களைத் தேடி மலை ஏறினேன். அதுங்க கூடவேதான் பஸ்ல வந்திருக்குதுங்க."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஊசி போட நர்ஸ் வந்தார். நீங்கள் என்னைக் காட்டி, "இவரு பெரிய நிருபருங்க. நல்லா எழுதுவாரு. ஆனா ஆபீஸ்ல வெட்டிருவாங்க" என்றீர்கள். நர்ஸ் சிரித்தார். நானும் சிரித்தேன். பத்து நிமிடத்தில் எழுந்து வந்துவிட்டேன். அன்றும் வெட்டியது ஆபீஸ் அல்ல.

இன்று வெள்ளையன் வீட்டு வாசலில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க, வாங்க. எத்தனை நாளாச்சு" என்று கட்டிலை இழுத்துப் போட்டார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னேன். கடைசிப் பாராவை எடுக்கட்டுமா என்று ஆபீஸில் என்னைக் கேட்டார்கள். எடுங்கள் என்று சொன்னது நான்.

அவர் மிளகைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தார். "டீச்சரம்மாகிட்டச் சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"அந்தம்மா ஒவ்வொருக்கா வாரப்பவும் சொல்லும், உங்க மேல தப்பில்லைன்னு. எங்க மேலயும் தப்பில்லைன்னு சொல்லும். ஆபீஸ்ல யாரோ வெட்டிட்டாங்கன்னு." பரப்பிய மிளகை மறுபடி கூட்டிக் குவித்தார். "யாரோன்னா கோவம் வராதுங்க. மூஞ்சி இல்லீங்கல்ல. நான் வெச்ச தீயை நெனச்சு நானே வெந்துக்கிட்டுக் கெடந்தேன். இனி உங்க மூஞ்சி தெரியுமே. நான் என்னங்க பண்றது?"

அவர் மனைவி அவரைப் பார்த்து, "சாமி, வந்த மனுசன உட்டுருங்க" என்றார்.

"நான் உட்டுருவேன். அது உடுமா?" என்று எழுந்தார். "வாங்க."

புடவுக்குக் கூட்டிப் போனார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மூன்று மழைக்காலம் போயும் வாசல் பாறையில் கரி முழுதாகப் போகவில்லை. காத்திருந்தோம். முன்பெல்லாம் இந்த நேரத்தில் உள்ளிருந்து வவ்வால் கூட்டம் புகை போலக் கிளம்புமே, அது கிளம்பவில்லை. வெகு நேரம் கழித்து, வெளியே இருந்து ஒன்று வந்தது. பின்னால் இன்னொன்று. வாசலுக்கு நேரே வந்து, கை நீட்டினால் தொடும் தூரத்தில் இரண்டு மூன்று சுற்று சுற்றின. உள்ளே போகவில்லை. திரும்பிப் போய்விட்டன.

"தெனமும் இப்படித்தானுங்க" என்றார் வெள்ளையன் மெதுவாக. "வருது. பாக்குது. போயிருது."

இறங்கும்போது அவர் முன்னால் நடந்தார். பாதி வழியில் நின்று, திரும்பாமலே கேட்டார். "பேப்பர்ல எழுதுவீங்களா, இப்பச் சொன்னதை?"

"எழுதறேங்க."

"உங்க பேரப் போட்டு?"

"பேரப் போட்டு."

"மொத வரியிலயே போடுங்க. கீழ போட்டா வெட்டிருவாங்கல்ல."

இறங்கும் பஸ்ஸிலேயே அந்த முதல் வரியை எழுதிவிட்டேன். எட்டு வரிகளை எடுக்கச் சொல்லி ஒரு புடவு வவ்வால்களின் சாவுக்குக் காரணமானவன் இதை எழுதும் நிருபர் என்று அது தொடங்குகிறது. நாளை அனுப்புகிறேன். அதற்குக் கீழே உள்ளதை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளட்டும்.

அச்சாகி வந்தபின் ஊர் என்னைப் பேசும். வெள்ளையன் கட்டிலை இழுத்துப் போட மாட்டார். அதெல்லாம் சரிதான், தாங்கிக்கொள்ளலாம். ஆனால் எதை எழுதி அனுப்பினாலும் என்னைவிட்டுப் போகாத ஒன்று இருக்கிறது, டீச்சர். கரி படிந்த கையுறையோடு என்னைத் திரும்பிப் பார்த்தீர்களே, நான் சொன்னதைக் கேட்டு, ஒரு கேள்விகூடக் கேட்காமல், உடனே நம்பினீர்களே. அது.